பாங்காக்கில் நண்பருடன் ஐந்து நாட்கள்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிடுவதில்தான் நமது கவனம் முழுவதும் செல்கிறது. எந்தக் கோபுரம், எந்த அருங்காட்சியகம், எந்தச் சந்தை என்று நாள்வாரியாகத் திட்டமிடுகிறோம். ஊர் திரும்பிய பின் உறவினரிடம் நாம் சொல்லும் கதைகளோ பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிகழ்ந்தவை. தவறவிட்ட படகு, மாறி இறங்கிய நிலையம், கைவிட்டுப் போன பொருள் ஆகியவையே பயணத்தின் நினைவுகளாக நிலைத்துவிடுகின்றன.

உடன் ஒரு நண்பர் இருந்தால் இத்தகைய இடர்கள் பாதியாகக் குறையும் என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கை ஓரளவே உண்மை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்குமாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால் மட்டுமே துணை பயன்படும். தாய்லாந்தின் தலைநகரில் கல்லூரிக்கால நண்பர் ஒருவருடன் கழித்த ஐந்து நாட்கள் இந்த உண்மையை எனக்குத் தெளிவாக உணர்த்தின. நண்பர் பணி ஓய்வு பெற்றவர், மும்பையில் வசிப்பவர். வாழ்நாளில் எவரிடமும் கைமாற்று வாங்கியதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர். அந்தப் பெருமையே இப்பயணத்தில் சோதனைக்கு உள்ளானது.

ஒரு நகரம், இரண்டு விமான நிலையங்கள்

பாங்காக் என்ற பெயரை அந்நாட்டு மக்கள் அன்றாடப் பேச்சில் பயன்படுத்துவதில்லை. அவர்களுக்கு அது ‘குருங் தேப்’, அதாவது தேவர்களின் நகரம். பாலி, சமஸ்கிருதச் சொற்களைக் கோத்து அமைத்த அதன் முழுப்பெயர் தாய் மொழியில் 168 எழுத்துகள் கொண்டது. உலகின் மிக நீண்ட இடப்பெயராக அது குறிப்பிடப்படுகிறது. 1782ஆம் ஆண்டில் சக்ரி மரபின் முதல் மன்னரான முதலாம் ராமர் இந்நகரைத் தலைநகராக்கினார்.

இவ்வளவு நீண்ட பெயருடைய நகரத்துக்கு விமான நிலையமும் ஒன்றுக்கு இரண்டாக இருப்பதுதான் புதிய பயணிகளைக் குழப்புகிறது. நகரின் வடக்கே டான் முவாங் நிலையம் 1914 முதல் இயங்கி வருகிறது. கிழக்கே சுவர்ணபூமி நிலையம் 2006இல் திறக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து செல்லும் விமானங்கள் சில இங்கும் சில அங்குமாக இறங்குகின்றன. பயணச்சீட்டில் இரண்டுக்கும் ‘பாங்காக்’ என்றே அச்சாகியிருக்கும். பி.கே.கே. என்றால் சுவர்ணபூமி, டி.எம்.கே. என்றால் டான் முவாங் என்னும் மூன்றெழுத்துக் குறியீடுகளே வேறுபாட்டைக் காட்டும்.

சென்னையிலிருந்து சென்ற நான் சுவர்ணபூமியில் இறங்கினேன். மும்பையிலிருந்து வந்த நண்பர், வெளிவாயிலில் நிற்பதாகச் செய்தி அனுப்பினார். வாயிலின் எண்ணைக் கேட்டேன், சொன்னார். அந்த எண்ணுள்ள வாயிலில் அவர் இல்லை. இருவரும் அரைமணி நேரம் ஒருவரையொருவர் தேடிய பின்னரே, நாங்கள் வெவ்வேறு நிலையங்களில் நிற்பது புலனாயிற்று. இரு நிலையங்களுக்கும் இடையே தொடர் பயணச்சீட்டு வைத்திருப்போருக்கு இலவசப் பேருந்து உண்டு. எங்களிடம் அத்தகைய சீட்டு இல்லை. எனவே இருவரும் நகருக்குள் சந்திப்பதென முடிவு செய்தோம். சுவர்ணபூமியிலிருந்து பயா தாய் வரை விமான நிலைய ரயில் செல்கிறது. டான் முவாங்கிலிருந்தும் நகருக்குள் ரயில் வசதி இருக்கிறது. பயா தாயில் அவர் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, “நீர் ஏன் வேறு ஊரில் இறங்கினீர்?” என்பதுதான்.

‘அரண்மனை இன்று மூடியிருக்கிறது’

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாங்காக் செல்வோர் எவரும் தவறவிடாத பேரரண்மனைக்குச் சென்றோம். மதிற்சுவரை நெருங்கும்போது தூய வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் புன்னகையுடன் எதிர்கொண்டார். அரண்மனையில் சடங்கு நடைபெறுவதாகவும் பிற்பகலில்தான் திறக்கும் என்றும் தெரிவித்தார். அதுவரை வேறு சில கோயில்களைச் சுற்றிக் காட்ட மிகக் குறைந்த கட்டணத்தில் ஆட்டோ ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். வழியில் நவரத்தினக் கடை ஒன்றில் இன்று மட்டும் சிறப்புத் தள்ளுபடி இருப்பதையும் மறக்காமல் குறிப்பிட்டார்.

இது பாங்காக்கில் பல ஆண்டுகளாகத் தொடரும் பழைய தந்திரம். ஆட்டோ கடைசியில் நிற்கும் இடம் அந்தக் கடைதான். ஊருக்குக் கொண்டுபோய் விற்றால் பன்மடங்கு இலாபம் கிடைக்கும் என்று சொல்லி, மதிப்பிற் குறைந்த கற்களைப் பெருந்தொகைக்குத் தள்ளிவிடுவார்கள். அட்டையைத் தேய்த்து இரகசிய எண்ணையும் நாமே அழுத்திப் பணம் செலுத்திய பின், அதனை ‘நமக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனை’ என்று வங்கியிடம் முறையிட முடியாது. நண்பர் அந்த மனிதரை மறுத்துப் பேசவில்லை. “திறந்திருக்கிறதா என்று வாயிலில் கேட்டுவிட்டு வருகிறோம்” என்று மட்டும் சொல்லி நடந்தார். வாயில் திறந்தே இருந்தது. சில நாட்களில் அரச விழாக்களுக்காக அரண்மனை மூடப்படுவது உண்டு. அதனை அரண்மனையின் வாயிலிலோ அதிகாரபூர்வ இணையதளத்திலோ மட்டுமே அறிந்துகொள்ள வேண்டும்.

வாயிலில் வேறொரு தடை காத்திருந்தது. தோளும் முழங்காலும் மறைந்திருந்தால்தான் உள்ளே அனுமதி. வெயிலுக்கு அஞ்சி நண்பர் அரைக்காற்சட்டையில் வந்திருந்தார். எதிர்ச்சாரியில் யானைப் படங்கள் அச்சிட்ட தளர்ந்த காற்சட்டைகள் விற்கிறார்கள். அவற்றுள் ஒன்றை வாங்கி மேலே அணிந்துகொண்டார். ஓய்வு பெற்ற அதிகாரியின் கம்பீரத்துக்கும் அந்த யானைகளுக்கும் சிறிதும் பொருத்தமில்லை. ஆயினும் பயணம் முடியும்வரை அவர் அதனை விடவில்லை.

அரண்மனை வளாகத்திலுள்ள மரகத புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள நெடிய மண்டபச் சுவர்களில் 178 ஓவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. தாய்லாந்தின் இராமாயணமாகிய ‘ராமகியன்’ காதையை அவை வரிசையாகச் சொல்கின்றன. வாயில்களில் காவல் நிற்கும் பேருருவ அரக்கர்களுள் பச்சை நிறத்தில் தோன்றுபவர் தசகண்டன், அதாவது நமது இராவணன். அவருடைய பாதங்களின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்ள நீண்ட வரிசை! கதையில் வில்லனாயினும் வாயிற்காவலில் அவருக்குக் குறைவற்ற மதிப்பு.

சற்றுத் தொலைவில் உள்ள வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமும் கொண்ட கிடந்த கோல புத்தர் காட்சி தருகிறார். அவருடைய உள்ளங்கால்களில் 108 மங்கலச் சின்னங்கள் முத்துச்சிப்பியால் இழைக்கப்பட்டுள்ளன. பின்புறம் வரிசையாக வைத்திருக்கும் 108 வெண்கலக் கிண்ணங்களில் ஒவ்வொரு நாணயமாக இட்டபடி மக்கள் நகர்கின்றனர். நாணயங்கள் விழும் ஓசை அக்கூடம் முழுவதும் மழைச்சாரலைப் போலக் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.

படகுத்துறையில் பிரிந்தபோது

சாவ் பிரயா ஆறு பாங்காக்கின் தலையாய நெடுஞ்சாலை எனலாம். விரைவுப் படகுகள் பேருந்துகளைப் போலத் துறைக்குத் துறை நின்று செல்கின்றன. படகில் பறக்கும் கொடியின் நிறத்தைப் பொறுத்து அது நிற்கும் துறைகள் மாறும். துறையில் படகு நிற்பதோ சில நொடிகள்தான். ஊழியரின் விசில் ஒலித்ததும் கயிறு அவிழ்ந்துவிடும்.

மாலை நெரிசலில் நண்பரைக் கூட்டம் உள்ளே தள்ளிச் சென்றது. எனக்கு முன்னிருந்தவரோடு கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். படகு நகரத் தொடங்கியபோது நண்பர் கையை உயர்த்தி ஒரு விரலைக் காட்டினார். காலையில் நாங்கள் செய்துகொண்ட உடன்பாடு அது. பிரிய நேர்ந்தால் முன்னே சென்றவர் படகு நிற்கும் அடுத்த துறையில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். பின்தங்கியவர் அதே நிறக் கொடியுள்ள அடுத்த படகில் ஏறித் தேடி வர வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் தேடக் கூடாது. செல்பேசி இருக்கும் காலத்தில் இந்த ஏற்பாடு எதற்கு என்று தோன்றலாம். அன்று நண்பருடைய செல்பேசியில் மின்னூட்டம் தீர்ந்து போயிருந்தது. அடுத்த துறையில் யானைக் காற்சட்டையைத் தொலைவிலிருந்தே அடையாளம் காண முடிந்தது.

விழுங்கப்பட்ட அட்டை

அன்றிரவு நிகழ்ந்ததே இப்பயணத்தின் பெரிய சோதனை. நாங்கள் தங்கியிருந்த சீலோம் பகுதியில் நண்பர் ஓர் ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் எடுக்கச் சென்றார். வெளிநாட்டு அட்டைகளுக்குத் தாய்லாந்து இயந்திரங்கள் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் வசூலிப்பதால், சிறுசிறு தொகையாக எடுக்காமல் ஒரே முறையில் எடுப்பது நல்லது என்று கணக்கிட்டிருந்தார். தொகையை அங்கேயே ரூபாய்க்கு மாற்றிக் கணக்கில் கழிக்கலாமா என்று திரை கேட்டது. ‘ஆம்’ என்றால் அந்த இயந்திரத்தின் உரிமையாளர் வகுத்த விகிதத்தில், பெரும்பாலும் நமக்குப் பாதகமான விகிதத்தில், கணக்கு முடியும். ‘வேண்டாம்’ என்றால் அட்டை வலையமைப்பின் விகிதம் பொருந்தும். நண்பர் அதனையும் நிதானமாகப் படித்து மறுத்தார். பணம் வந்தது. எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

நம் நாட்டில் பல இயந்திரங்களில் அட்டையை எடுத்த பின்னரே பணம் வெளிவரும். பணம் கைக்கு வந்தால் வேலை முடிந்தது என்பது நம் கைகளுக்குப் பழகிப்போன பாடம். தாய்லாந்தின் பல இயந்திரங்களிலோ பணம் முதலில் வரும். அட்டை அதன் பிறகே வரும். சில நொடிகளில் எடுக்காவிட்டால் இயந்திரமே அதனை உள்ளே இழுத்துக்கொள்ளும். பத்தடி நடந்த பின் நினைவு வந்து நண்பர் திரும்பியபோது, திரையில் அடுத்த வாடிக்கையாளருக்கான வரவேற்பு ஒளிர்ந்துகொண்டிருந்தது.

பதற்றத்தைப் பெருக்கியது அடுத்து வெளிப்பட்ட செய்திதான். நண்பரிடம் இருந்த கடன் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு திறக்கப்படவில்லை. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டில் பயன்படுத்த வேண்டுமெனில் வாடிக்கையாளரே அதனைக் கோரிப் பெற வேண்டும். செயலியில் அந்த வசதியைத் திறக்க முயன்றால், ஒருமுறைக் கடவு எண் அவருடைய இந்திய எண்ணுக்குச் செல்கிறது. விமான நிலையத்தில் உள்ளூர் சிம் வாங்கியபோது இந்திய சிம்மைக் கழற்றிப் பணப்பையில் வைத்துவிட்டார். அதனை மீண்டும் பொருத்தியும் பயனில்லை. வெளிநாட்டு இணைப்பு வசதியை இந்தியாவிலேயே செயல்படுத்தாமல் வந்திருந்தார்.

எனது செல்பேசியிலிருந்து அவருடைய வங்கியின் 24 மணி நேர உதவி மையத்தை அழைத்தோம். இங்கும் ஒரு நுணுக்கம். 1800 எனத் தொடங்கும் கட்டணமில்லா எண்கள் பல வெளிநாட்டிலிருந்து இயங்குவதில்லை. வங்கியின் இணையதளத்தில் வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கென +91 உடன் கூடிய தனி எண் தரப்பட்டிருந்தது. அடையாளக் கேள்விகளுக்கு விடையளித்ததும் சில நிமிடங்களில் பற்று அட்டை முடக்கப்பட்டது. இயந்திரத்துக்குரிய வங்கிக் கிளை திங்கட்கிழமைதான் திறக்கும். நாங்கள் புறப்படுவதும் திங்கள் இரவு. நண்பரின் கையில் அப்போது எடுத்த 5,000 பாத் மட்டுமே இருந்தது. விடுதிக்கான கட்டணம் அவர் பங்குக்கு இன்னும் செலுத்தப்படவில்லை.

என்னிடம் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று பணப்பையில், மற்றொன்று அறைப் பெட்டகத்தில். இருவர் செலவுக்கும் அவை தாராளமாகப் போதும். இதைச் சொன்னபோது நண்பரின் முகம் மாறியது. “நீர் போய்ப் பார்த்துவிட்டு வாரும், நான் அறையிலேயே இருக்கிறேன்” என்றார். நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் நாங்கள் எத்தனையோ கருத்து வேறுபாடுகளைக் கடந்திருக்கிறோம். அன்று எங்களுக்கிடையே நின்ற மௌனம் போன்ற ஒன்றை நான் அறிந்ததில்லை. ‘நமக்குள் என்ன கணக்கு?’ என்று தாராளமாகப் பேசுவது அந்த நேரத்தில் அவரை மேலும் சிறுமைப்படுத்தியிருக்கும்.

காலையில் அவரே ஒரு தீர்வுடன் வந்தார். கையில் சிறு குறிப்பேடு ஒன்று. தேதி, செலவு, பாத், யார் செலுத்தியது என நான்கு பத்திகள் வரைந்திருந்தார். “ஒவ்வொரு பாத்தும் இதில் ஏற வேண்டும். எந்த நாளின் விகிதத்தில் திருப்புவது என்பதையும் இப்போதே முடிவு செய்வோம்” என்றார். எனது அட்டைக் கணக்கறிக்கையில் உண்மையில் கழிக்கப்படும் ரூபாய்த் தொகையே கணக்கு என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். அந்நியச் செலாவணிப் பரிவர்த்தனைக்காக அட்டை வழங்கிய வங்கிகள் வசூலிக்கும் கூடுதல் கட்டணமும் அதன் மீதான வரியும் அதில் அடங்கிவிடும். கணக்கு எழுத்தில் ஏறியதும் அவர் முகத்தில் பழைய தெளிவு திரும்பியது. யானைக் காற்சட்டையை அணிந்துகொண்டு முதல் ஆளாகப் படியிறங்கினார்.

திட்டத்தில் இல்லாத இரு காட்சிகள்

சனிக்கிழமைக்கென வகுத்திருந்த தொலைதூரச் சுற்றுலாவைக் கைவிட்டு, நகருக்குள்ளேயே நடந்தோம். விடுதியிலிருந்து சிறிது தொலைவில் தமிழ்க் கோபுரம் ஒன்று சாலையோரத்தில் எழுந்து நின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்குக் குடியேறிய தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயில் அது. வாயிலில் கதம்ப மாலைகளும் தேங்காயும் பழமும் நிறைந்த தட்டுகள். வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் தாய் மக்கள். நவராத்திரி விழாவின்போது அம்மன் வீதியுலா வரும் நாளில் சீலோம் சாலையே திருவிழாக்கோலம் பூணுகிறது.

பிற்பகலில் பழைய நகரிலுள்ள பேரூஞ்சலைக் காணச் சென்றோம். சிவந்த தேக்கு மரத்தூண்கள் மிக உயரமாக எழுகின்றன. முதலாம் ராமர் காலத்தில் 1784இல் நிறுவப்பட்ட இவ்வமைப்பு பின்னர் இடம் மாற்றிப் புதுப்பிக்கப்பட்டது. அருகே அரசவை அந்தணர்களின் தேவாலயம் உள்ளது. அவர்கள் நடத்தும் ‘திரியம்பாவை, திரிபாவை’ என்னும் விழாவின் பெயர் நமது திருவெம்பாவை, திருப்பாவை ஆகியவற்றிலிருந்து வந்தது. மார்கழியில் நம் ஊர்க் கோயில்களில் ஒலிக்கும் பாசுரங்கள், ஒலி மாறி, பொருள் மறைந்து, கடல் கடந்த ஓர் அரசவையின் சடங்காக நிலைத்திருக்கின்றன. முற்காலத்தில் இவ்விழாவின்போது இளைஞர்கள் இந்த ஊஞ்சலில் உயர ஆடி, கம்பத்தின் உச்சியில் கட்டிய காசு முடிப்பைப் பல்லால் கவ்வி எடுக்கும் போட்டி நடைபெற்றது. ஆபத்து மிகுந்த அவ்வழக்கம் 1935உடன் நின்றது. “பணம் எடுப்பதில் அக்காலத்திலும் இடர் இருந்திருக்கிறது” என்றார் நண்பர். அட்டை போன பின் அவர் செய்த முதல் நகைச்சுவை அது.

திங்கட்கிழமை காலை கிளைக்குச் சென்றோம். அலுவலர் கடவுச்சீட்டைச் சரிபார்த்து, பொறுமையாக விளக்கினார். பிற வங்கிகளின் அட்டைகளை அவர்கள் திருப்பித் தருவதில்லை. அழித்துவிடுவதே அவ்வங்கியின் வழக்கம். முன்பே முடக்கிவிட்டதால் நண்பருக்குக் கவலை இல்லை. புதிய அட்டைக்கு அவர் அன்றே விண்ணப்பித்தார். அன்றிரவு சுவர்ணபூமி நிலையத்திலிருந்து நானும் டான் முவாங்கிலிருந்து அவரும் புறப்பட்டோம். எனது கணக்கறிக்கை வந்த மறுநாள், ரூபாயும் காசும் பிசகாமல் அவர் பங்கு என் கணக்கில் வரவாகியிருந்தது. குறிப்புப் பகுதியில் ‘குருங் தேப்’ என்று எழுதியிருந்தார்.

புறப்படுமுன்

இருவராகச் செல்வோர் ஒரே வகை அட்டையையும் ஒரே வகை ஏற்பாட்டையும் கொண்டு சென்றால், ஒருவருக்கு வரும் இடர் மற்றவருக்கும் வரும். கீழ்க்காணும் சில முன்னேற்பாடுகள் எந்த நகருக்குச் செல்வோருக்கும் உதவும்.

1. பயணச்சீட்டில் நகரின் பெயரோடு விமான நிலையக் குறியீட்டையும் சரிபார்த்து, இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

2. தாய்லாந்து செல்வோர் 2025 மே முதல் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல.

3. குறைந்தது இரண்டு அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்து, உங்கள் தேவைக்கேற்ப உச்சவரம்பையும் அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். திரும்பியதும் அவ்வசதியை மூடிவிடுங்கள்.

4. இந்திய எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும் வகையில் வெளிநாட்டு இணைப்பைச் செயல்படுத்திக்கொள்ளுங்கள். உள்ளூர் சிம் வாங்கினாலும் இந்திய சிம் இயங்கட்டும்.

5. வெளிநாட்டிலிருந்து அழைக்கக்கூடிய வங்கி எண்ணைத் தாளில் எழுதி, உங்கள் நண்பரிடமும் ஒரு படி கொடுத்து வையுங்கள். அட்டை தொலைந்தால் முதல் வேலை முடக்குவதே. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இன்றி மூன்றாம் தரப்பால் நிகழும் மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

6. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அந்நியச் செலாவணியை ரொக்கமாகக் கொண்டு செல்லலாம். இந்திய ரூபாய் நோட்டுகளுக்கு வரம்பு 25,000 ரூபாய்.

7. கடவுச்சீட்டின் நகலை ஒருவருடையதை மற்றவர் வைத்திருங்கள். கடவுச்சீட்டு தொலைந்தால் காவல்துறையில் புகார் அளித்து, இந்தியத் தூதரகத்தை அணுகினால் தாயகம் திரும்ப அவசரச் சான்றிதழ் வழங்குவார்கள். தாய்லாந்தில் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155.

8. பொதுச் செலவுகளை அன்றன்றே எழுதி வையுங்கள். எந்த விகிதத்தில் கணக்கை முடிப்பது என்பதைப் பயணத்தின் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள்.